கம்பெனிக்கு ஒரு கிளாஸ்

நோயின் பெயரை மாற்றிவிட்டார்களாம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் டயட்டீஷியன் பெண் போன வாரம் சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். எங்கள் காலத்தில் அதற்கு 'மது சாராத கொழுப்பு ஈரல் நோய்' என்று பெயர். இனிமேல் பெயரில் மது என்ற பேச்சே கிடையாதாம். வளர்சிதை மாற்றம், கோளாறு என்று நீட்டி முழக்கி வேறு பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் சிரித்த சிரிப்பில் அவள் பயந்துபோனாள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினால் நீ இன்றைக்கு வீடு போய்ச் சேரமாட்டாய், எழுதியே தருகிறேன் என்றேன்.

மற்ற ஊர்களில் அந்தப் பழைய பெயரை வைத்துக் காலம் தள்ளியிருக்கலாம். புதுச்சேரியில் அது செல்லுபடியாகவில்லை. அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. ஒருவருக்கு ஈரல் கெட்டிருக்கிறது, ஆனால் அவர் குடிப்பதில்லை என்று இங்கே சொன்னால், கேட்கிறவர் சொல்கிறவரையே ஏற இறங்கப் பார்ப்பார். பெயரிலேயே 'மது சாராத' என்று இருக்கிறதே என்று காட்டினால், அப்படியானால் டாக்டரையே ஏமாற்றிவிட்டார் போலிருக்கிறது, கெட்டிக்காரர்தான் என்பார்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மனையியல் படித்தேன், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தேன், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். படிப்பில் கற்றது எந்தக் காயில் என்ன சத்து என்பது. வேலையில் கற்றது, நாணயமான மனிதர்கள்கூடச் சாப்பாட்டு விஷயத்தில் கூசாமல் பொய் சொல்வார்கள் என்பது. அடுத்தவர் பொருளைக் கையால் தொடமாட்டார்கள். ஆனால் நேற்று ராத்திரி எத்தனை இட்லி என்று கேட்டால் பாதிதான் வாயில் வரும்.

அதனால் என் மேஜைமேல் ஒரு சின்னப் பாத்திரக் கடையே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய கரண்டிகள், கிண்ணங்கள், டம்ளர்கள். ஒரு கிண்ணம் சோறு என்று யாராவது சொன்னால் எந்தக் கிண்ணம் என்று தொட்டுக் காட்டச் சொல்வேன். எப்போதும் சின்னதைத்தான் தொடுவார்கள். கூட வந்த மனைவியின் கண் தானாகப் பெரிய கிண்ணத்துக்குப் போகும். நான் மனைவியின் கண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வேன். என்ன சாப்பிடுவீர்கள் என்று பொதுவாகக் கேட்கவே கூடாது. கேட்டால் எதைச் சொன்னால் நல்ல பெயர் கிடைக்குமோ அதைச் சொல்வார்கள். நேற்றுக் காலையில் கண் விழித்ததும் முதலில் வாயில் போனது என்ன என்று ஆரம்பித்து, படுக்கப் போகும்வரை கூடவே நடந்து போக வேண்டும். குடியைப் பற்றிக் கேட்க எனக்கு ஒரு சுற்றுவழி இருந்தது. மீன் வறுவல் எந்த நேரத்தில் பிடிக்கும் என்பேன். மத்தியானம் என்றால் அது சோற்றுக்கு. சாயங்காலம் இருட்டினதும் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டால் அந்த மீன் எதற்குத் துணை என்று புரிந்துவிடும்.

எங்கள் பிரிவின் பெரியவர் டாக்டர் ஞானப்பிரகாசம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இந்த ஊரில் அப்படிப்பட்ட வீட்டை சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். டாக்டர் என்னை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நோயாளியைப் பார்த்து முடித்ததும் 'போன்' என்று மேஜையைத் தட்டுவார். நல்லது, ஆயிற்று என்று அர்த்தம். அர்த்தம் தெரியாதவர்களும் அந்தத் தட்டலைக் கேட்டதும் கும்பிட்டுவிட்டு எழுந்துகொள்வார்கள்.

வயிற்றைத் தொடும் முன் இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்கிக்கொள்வார். வலது விலாவுக்குக் கீழே விரல்களைப் பதித்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொல்வார். ஈரல் கீழே இறங்கி விரலில் முட்டும்போது அவருடைய புருவம் லேசாக ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வீக்கம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எவ்வளவு?" குடிப்பீர்களா என்று கேட்கவே மாட்டார். அது நேரத்தை வீணாக்கும் கேள்வி என்பார். எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ ஒரு அளவைச் சொல்லிவிடுவார்கள். குடிப்பதில்லை என்று சாதிப்பவரின் சீட்டில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி விழும். இத்தனைக்கும் டாக்டரே ஞாயிற்றுக்கிழமை மதியம் மேஜை விரிப்பெல்லாம் போட்டு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் குடிப்பவர். அதைக் கேட்டால், அது சாப்பாட்டில் சேர்ந்தது மதாம் என்பார்.

கொழுப்பு ஈரல் என்று சொன்னவுடன் எல்லோரும் செய்கிற முதல் காரியம் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைப்பது. அது மட்டும் போதாது என்று சொல்லிச் சொல்லியே என் பாதித் தொண்டை போனது. ஈரலில் சேரும் கொழுப்பெல்லாம் கொழுப்பாகவே வாய் வழியாகப் போனதில்லை. கொஞ்சம், தின்ற எண்ணெயிலிருந்து வரும். நிறைய, தொப்பையில் சேர்த்து வைத்ததிலிருந்து இரத்தத்தில் கலந்து வரும். இது போதாதென்று ஈரலே உட்கார்ந்து கொழுப்பைத் தயாரிக்கும். சர்க்கரை தேவைக்கு மேல் வந்து குவிந்தால் அதைக் கொழுப்பாக மாற்றிவிடும். நல்ல ஈரலில் இந்த வேலை கொஞ்சமாகத்தான் நடக்கும். இன்சுலின் சொல் பேச்சுக் கேட்காத உடம்பில், இனிப்பு ஓயாமல் வந்துகொண்டிருக்கும் உடம்பில், சாப்பிடாமல் இருக்கும் நேரத்திலும் இந்தத் தயாரிப்பு நிற்காது. தீபாவளிக்குப் பலகாரம் சுட ஆரம்பித்து, நிறுத்து என்றால் கேட்காமல் வீடு கொள்ளாத அளவுக்கு டின் டின்னாக அடுக்கி வைக்கிற என் மாமியாரை நினைத்துக்கொள்வேன். அப்படி அடைத்து வைத்த ஈரல் வீங்கும், புண்ணாகும். ஆறும்போது தழும்பாகும். தழும்பு கூடிக்கொண்டே போனால் ஈரல் கெட்டியாகிச் சுருங்கிவிடும். சாராயம் உள்ளே போனாலும் இதே கதைதான். கடைசியில் குடித்தவர் ஈரலையும் குடிக்காதவர் ஈரலையும் அருகருகே வைத்தால் நிபுணர்களே திணறுவார்கள்.

இந்தத் திணறலுக்குள்தான், இரண்டாயிரங்களின் நடுவில் ஒருநாள், தணிகாசலம் வந்து விழுந்தார். முதலியார்பேட்டைக்காரர். மில்லில் தறிப் பிரிவில் வேலை பார்த்து, மில் படுத்ததும் விருப்ப ஓய்வில் வெளியே வந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சாராயக்கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து, தெருவில் மதுவிலக்குச் சங்கம் ஆரம்பித்து அதற்குத் தலைவரும் ஆனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முன்னால் வந்து நிற்கும் தொப்பை. தறி இரைச்சலில் பேசிப் பழகிய குரல் என்பதால் ஓ.பி.யில் பெயரைச் சொன்னால் மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை கேட்கும். வலது பக்கம் கனமாக இருக்கிறது, அசதியாக இருக்கிறது என்று வந்தார். ஸ்கேனில் ஈரல் முழுக்கக் கொழுப்பு.

டாக்டர் புருவம் ஏறியது. "எவ்வளவு?" என்றார்.

"எது டாக்டர்?"

டாக்டர் கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். தணிகாசலம் எழுந்து நின்றுவிட்டார். தான் யார், எந்தச் சங்கத்துக்குத் தலைவர், எத்தனை குடும்பத்தில் விளக்கேற்றியவர் என்று மேடையில் பேசுவது போலவே பேசினார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

அடுத்து தணிகாசலம் என் மேஜைக்கு வந்தார். சின்னக் கிண்ணத்தைத் தொட்டார். கூட வந்திருந்த மனைவி கௌரியின் கண்ணும் சின்னக் கிண்ணத்திலேயே நின்றது. எனக்கே ஆச்சரியம். டீ, காபி தொடுவதில்லை. கடையில் கலர், சோடா வாங்கிக் குடிப்பீர்களா என்றேன். கடையில் எதையும் வாங்கிக் குடித்ததில்லை என்றார். சாயங்காலம் என்ன சாப்பிடுவீர்கள் என்றேன். சாயங்காலம் சங்க வேலை, சாப்பிட நேரமே கிடையாது என்றார். சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அது பின்னால்தான் தெரிந்தது.

வீட்டில் எண்ணெயை அடியோடு நிறுத்தினார்கள். தொப்பை இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனை இன்னும் மோசமாக வந்தது. ஈரலிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். வலது கையைத் தலைக்கு மேல் மடக்கி வைத்துப் படுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்த வேண்டும். அந்த நேரத்துக்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிடும். பிறகு வலது பக்கமாகவே ஒருக்களித்து அசையாமல் படுத்திருக்க வேண்டும், அதிகம் பேசக் கூடாது. ஊசியை முகம் சுளிக்காமல் தாங்கிக்கொண்ட தணிகாசலம், பேசக் கூடாது என்றதும் கண் கலங்கிவிட்டார்.

நுண்ணோக்கியில் வைத்த பிறகு டாக்டர் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பதப்படுத்தும்போது கொழுப்பு கரைந்து போய்விடும். அது இருந்த இடம் மட்டும் வட்ட வட்ட ஓட்டைகளாகத் தெரியும். தணிகாசலத்தின் ஈரல் நான் ஜன்னலுக்குப் பின்னிய லேஸ் துணி மாதிரி இருந்தது. ஓட்டைகளுக்கு நடுவே நீல நீலமாகத் தழும்பு இழைகள் ஓட ஆரம்பித்திருந்தன. இந்த இழைகள் ஒன்றோடொன்று கைகோத்துவிட்டால் வயிற்றில் நீர் கட்டும், இரத்த வாந்தி வரும், அப்புறம் அந்த மனிதரை மீட்பது கஷ்டம். காரணத்தைக் கண்டுபிடித்து இப்போதே நிறுத்தினால் ஈரல் பிழைத்துக்கொள்ளும். டாக்டருக்குக் காரணத்தில் சந்தேகமே இல்லை.

"பெரிய குடிகாரர், மதாம்," என்றார். "அதைவிடப் பெரிய நடிகர்."

இதற்குள் விஷயம் முதலியார்பேட்டைக்குப் போய்விட்டது. எங்கள் வார்டில் வேலை பார்த்த ஆயாம்மா அதே தெரு. தலைவருக்கு ஈரலில் கொழுப்பு என்று அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாளாம். சாராயக்கடை முதலாளி வைத்திக்கு அது பொங்கலும் தீபாவளியும் சேர்ந்து வந்த மாதிரி. வெளியே நம்மைத் திட்டுகிறவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார், நம் கடையில் வாங்காததுதான் என் வருத்தம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சங்கத்துக்காரர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு விளக்கம் கேட்பது என்று முடிவு செய்தார்கள். விளக்கம் சரியில்லை என்றால் தலைவர் பதவி போய்விடும். பதவியைவிட, தெருவில் தலை நிமிர்ந்து நடப்பது போய்விடும்.

கௌரி தனியாக என்னைப் பார்க்க வந்தார். இந்த வயதில் தன் புருஷனைச் சந்தேகப்பட வைத்துவிட்டீர்களே என்று முதலில் சண்டைக்குத்தான் வந்தார். பேசப் பேசக் குரல் இறங்கியது.

"அவர் தூங்கும்போது வாய மோந்து பாத்துட்டேன் மேடம்," என்றார். "ஒரு வாசனையும் இல்ல. மோந்து பாத்ததுக்குதான் இப்ப அழுகையா வருது."

எனக்கும் மனசு கேட்கவில்லை. இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இன்றைக்குச் சாயங்காலம் எனக்கு வேறு வேலை இருக்கிறதா என்று கேட்டார். நோயாளி வரலாற்றை நேரில் போய் எடுப்பதாகத் திட்டம். எளிய தமிழில் சொன்னால், வேவு பார்ப்பது.

டாக்டரின் பழைய சாம்பல் நிறக் காரில் போய் வைத்தியின் சாராயக்கடைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டோம். டாக்டர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அது பிரெஞ்சு செய்தித்தாள். போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சில பேர் டாக்டருக்கு வணக்கமும் வைத்தார்கள்.

கடைக்கு நேர் எதிரே ஒரு தள்ளுவண்டி நின்றது. பக்கத்தில் தணிகாசலம். வேலை முடிந்து சாராயக்கடையை நோக்கி வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மறித்தார், தோளில் கை போட்டு வண்டிக்கு இழுத்து வந்தார். இரண்டு கிளாஸ்களில் எதையோ ஊற்றினார். இருவரும் கிளாஸை முட்டிக்கொண்டார்கள். ஒரே மூச்சில் காலி செய்தார்கள். வந்தவர் தட்டிலிருந்து காராபூந்தி எடுத்துக் கொறித்தார். அவர் போனதும் அடுத்தவர். மறுபடி இரண்டு கிளாஸ், மறுபடி முட்டல். கிளாஸில் இருந்தது நல்ல செம்பழுப்பு நிறம்.

"ரம்," என்றார் டாக்டர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "நடுத்தெருவில். நான் சொன்னேனா இல்லையா?"

நான் தடுப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். தணிகாசலம் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி முகர்ந்தார். முகர்ந்தவர் முகம் மாறியது. ஒரு வாய் உறிஞ்சினார். விளக்கெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கினார். அது நன்னாரி சர்பத். ஈ மொய்க்கிற இனிப்பு. மேஜையில்லாத இடத்தில் எதைத் தட்டுவது என்று தெரியாமல் தள்ளுவண்டியை மெதுவாகத் தட்டி, "போன்," என்றார்.

அங்கேயே வண்டியைச் சுற்றி நின்று விசாரித்தோம். சாராயக்கடைக்குப் போகிறவனை வழியில் மறித்து சர்பத் கொடுப்பது சங்கத்தின் திட்டம். தெருவில் வசூல் செய்து நடத்துகிறார்கள். சரி, கொடுங்கள், நீங்கள் ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். தணிகாசலம் என்னை ஒன்றும் தெரியாத பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சும்மா நின்னு ஊத்திக் குடுத்தா பிச்ச போடுற மாதிரி இருக்கும் மேடம். குடிக்கிறவனுக்குக் கம்பெனிதான் முக்கியம். கூட நின்னு கிளாஸ முட்டி ஒண்ணா சாப்ட்டாத்தான் மரியாதன்னு நெனப்பான். நாம பாதில வச்சிட்டா அவனும் வச்சிட்டு எதிர்க்கடைக்குப் போயிடுவான்."

மறிக்கிற ஒவ்வொருவரோடும் ஒரு முழு கிளாஸ். வண்டி தொடங்கிய நாளிலிருந்து, தினமும் சாயங்காலம். வீட்டில் ரசஞ்சோறு, இங்கே சர்க்கரைப்பாகு. ஈரல் பாவம், எண்ணெய் வரவில்லையே என்று சும்மா இருந்துவிடுமா, வந்த சர்க்கரையிலிருந்தே தயாரித்துத் தள்ளியிருக்கிறது. என் மேஜையில் கேட்டபோது இதை ஏன் சொல்லவில்லை என்றேன். இதைச் சாப்பாட்டில் யாராவது சேர்ப்பார்களா, இது சேவை இல்லையா என்றார்.

டாக்டர் நடுத்தெருவிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொல்ல இனி ஒரு தடையும் இல்லை, வேண்டுமானால் நானே வந்து சொல்கிறேன் என்றார். தணிகாசலம் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் இருண்டு போனது. வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சாராயம் குடிச்சேன்னே சொல்லிடறேன் டாக்டர்," என்றார். "இந்த மாதிரி ஈரல் கெட்டுப்போச்சு, நீங்க யாரும் குடிக்காதீங்கன்னு சொல்றேன். என் பேர்தான் போவும். சர்பத்துல கெட்டுச்சுன்னு சொன்னா அத்தினி பேரும் ரோட்டத் தாண்டிப் போயிடுவானுங்க. அதுக்கு இதுவே பரவால்லன்னு சிரிப்பானுங்க."

எனக்கு அந்த மனிதரைப் பார்க்க அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஊரே தலையில் தூக்கி வைத்த பெயரை இப்படிக் கழற்றிக் கொடுக்க யாருக்கு மனசு வரும். ஆனால் என் தொழில் புத்தி வேறு ஒன்றைக் கேட்டது. தினமும் தவறாமல் வந்து உங்களோடு சர்பத் குடிக்கிறவர்கள் இருக்கிறார்களா என்றேன். இருக்கிறார்களே என்று பெருமையாகச் சொன்னார். பாவாடை என்று அதே மில்லில் வேலை பார்த்தவர், சாராயத்தை விட்டே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். பழைய பழக்கத்தில் சர்பத்தையும் கிளாஸ் கிளாஸாகத்தான் குடிப்பாராம். இப்போது கொஞ்சம் வயிறு வைத்திருக்கிறதாம். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். ஏற்கெனவே சாராயத்தில் அடிபட்ட ஈரல்களுக்குத்தான் தினமும் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் தட்டியது. அன்று அதற்குமேல் யாரையும் மறிக்கவில்லை.

நாங்கள் சாராயக்கடை வாசலில் நின்ற செய்தி எங்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. ஈரல் டாக்டரும் டயட் மேடமும் கையில் கிளாஸோடு நின்றார்கள் என்று. சாதம் போடும்போது என் வீட்டுக்காரர், மீன் வறுக்கவா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நானும் போனேன். வண்டி நிற்கும் அதே இடத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். எதிரே வைத்தி கடை வாசலில் நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கௌரி ஓரமாக நின்றார். புருஷன் எந்தப் பொய்யைச் சொல்லப் போகிறார் என்று அவருக்குத் தெரியும், முந்தின ராத்திரி சண்டை நடந்திருக்கிறது. முதல் வரிசையில் பாவாடை. ஒல்லியான கை, ஒல்லியான கால், நடுவில் மட்டும் வயிறு.

தணிகாசலம் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். "எனக்கு ஈரல் கெட்டுப்போனது உண்மதான்," என்று ஆரம்பித்தார். பாவாடையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கௌரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"கெடுத்தது சாராயம் இல்ல," என்றார் கடைசியில். "இந்த சர்பத்து. நாந்தான் உங்களுக்கெல்லாம் ஊத்திக் குடுத்தேன். இனிமே யாரும் இதக் குடிக்காதீங்க. என்னோட சேந்து குடிச்சவங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்கேன் எடுத்துக்குங்க."

முதலில் சிரித்தவர் வைத்தி. பிறகு அந்தச் சிரிப்பு ரோட்டைத் தாண்டி வந்தது. சங்கத்துக்காரர்களே சிரித்தார்கள். சாராயம் குடித்துக் கெட்டவனைப் பார்த்திருக்கிறோம், சர்பத் குடித்துக் கெட்ட தலைவரை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். கௌரி மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் சர்வீஸில் நான் பார்த்த அழகான காட்சி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆனால் தணிகாசலம் பயந்தது அப்படியே நடந்தது. அந்த வாரமே பழைய ஆட்கள் பலர் ரோட்டைத் தாண்டினார்கள். பாவாடையும் போனார். வண்டியில் உப்பு போட்ட மோர் வைத்துப் பார்த்தார்கள். சாராயக்கடையிலிருந்து வெளியே வருகிறவர்கள் போதை தெளிய அதை வாங்கிக் குடித்துவிட்டு, தெம்பாக மறுபடி உள்ளே போனார்கள். வண்டியை எடுத்துவிட்டார்கள்.

இதற்கப்புறம் நடந்ததைக் கௌரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாவாடைக்கு ஸ்கேன் எடுக்கத் தேதி வாங்கி வைத்திருந்தோம். முந்தின சாயங்காலம் தணிகாசலம் ரோட்டில் நின்று பாவாடையைக் கூப்பிட்டார். வரவில்லை. அதே வெள்ளை வேட்டியோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சாராயக்கடைக்குள் நுழைந்தார். பாவாடைக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். ஒரு காலி கிளாஸை எடுத்துத் தன் முன்னால் கவிழ்த்து வைத்துக்கொண்டார். குடிச்சு முடி, காலைல வெறும் வயித்துல வரணும், கூட்டிக்கினு போறேன் என்று மட்டும் சொன்னாராம். தணிகாசலம் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததே இல்லை.

காலையில் இருவரும் ஸ்கேன் அறை வாசலில் நின்றார்கள். நல்ல சாராய வாடை. தணிகாசலத்தின் சட்டையிலிருந்தும்தான் வந்தது. டாக்டர் கிட்டே வந்து மோப்பம் பிடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பாவாடை முந்திக்கொண்டார்.

"அவர் தொடல டாக்டர். நானே பாதியோட வச்சிட்டேன். காலி கிளாஸ கவுத்து வச்சிக்கினு ஒருத்தன் எதிர்ல உக்காந்துனு பாத்தா, எவனுக்கு உள்ள எறங்கும்?"

சங்கம் அடுத்த கூட்டத்திலேயே தணிகாசலத்தை நீக்கியது. ஈரலுக்காக இல்லை. மதுவிலக்குச் சங்கத் தலைவர் சாராயக்கடைக்குள் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்துவிட்டதே, அதற்காக. அவர் எதிர்த்துப் பேசவில்லை. தினமும் சாயங்காலம் சாராயக்கடைக்குப் போனார். இன்று பாவாடை, நாளை இன்னொருவர் என்று யாராவது ஒருவருக்கு எதிரில் கிளாஸைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சர்க்கரை நின்றதால் தொப்பை கரைந்தது. இரத்தப் பரிசோதனை மாதத்துக்கு மாதம் தேறி வந்தது. பாவாடை இரண்டு முறை விட்டுவிட்டு, இரண்டு முறை மறுபடி ஆரம்பித்து, பிறகு ஒரு வழியாக நிறுத்தினார்.

சில மாதம் கழித்து ஒருநாள் ஓ.பி.யில் வைத்தி வந்து நின்றார். சீட்டு எடுக்கவில்லை, டாக்டரிடம் ஒரு முறையீடாம். அந்த ஆள் வந்து உட்கார்ந்தால் அந்த பெஞ்சில் ஒருத்தனும் ஒழுங்காகக் குடிப்பதில்லை, வெளியே போ என்று சொல்லவும் முடியவில்லை, ஒரு வம்பும் செய்வதில்லை. சங்கத்துக்காரர்களிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், அவரை மறுபடி தலைவராக்கி ரோட்டிலேயே நிற்க வையுங்கள் என்றார். டாக்டர் முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் கேட்டுக்கொண்டார். வந்ததுதான் வந்துவிட்டீர்கள், அப்படியே படுங்கள் என்று வைத்தியைப் பரிசோதனைக் கட்டிலில் படுக்க வைத்தார். புருவம் நன்றாகவே ஏறியது.

அடுத்த வாரம் தணிகாசலம் வந்தபோது வைத்தியின் வேண்டுகோளை நான்தான் சொன்னேன். சங்கத்திலும் இரண்டு பேர் அதற்குச் சம்மதித்துவிட்டார்கள், பெயரும் திரும்பி வந்துவிடும், ஒத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். மருந்து ஜன்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தலைவர் பதவியெல்லாம் வாணாம் மேடம். ரோட்டுல நின்னா வெயிலு. அங்க ஃபேன் இருக்குது."